வாளிக்கு உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு

மனிதர்களை நம்பி எனக்குப் பழக்கமில்லை. இருபத்தாறு வருடமாக ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. நான் பெட்டிக்குள் ஏறியதும் கண்ணை மூடித் தூங்க ஆரம்பிக்கிறவர், மூன்று பைகளையும் தட்டிவிட்டு நான்காவதைத் தேடுகிறவர், இப்போதுதான் கையில் வைத்திருந்தேன் என்று சீட்டுக்கு அடியில் குனிகிறவர், எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. நான் யாருடைய கையையும் பார்க்கமாட்டேன், கண்ணைத்தான் பார்ப்பேன். டிக்கெட் இல்லாதவரின் கண் என் முகத்துக்கு வராது. என் தோள்பையில், அபராத ரசீதுப் புத்தகம் இருக்கிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் நீச்சல்குளம் பழுது பார்க்கிற வாளி மாஸ்டர் முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அவர் கண்ணைத்தான் கவனித்தேன். அது நேராகக் குளத்துக்குப் போனது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர் வீட்டு மனிதர்களை அல்லவா முதலில் பார்ப்பார்? ஆனால் எதிர்வீட்டு அக்கா சொல்லி அனுப்பிய ஆள். ஐம்பதைத் தாண்டிய வயது, கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளி, காதில் ஒரு பென்சில். வேறு வழியில்லாமல் உள்ளே விட்டேன்.

குளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பின்பக்கம், இருபது அடி நீளம், பத்து அடி அகலம். படி இருக்கிற பக்கம் மூன்றரை அடி ஆழம், மறுபக்கம் ஐந்து. பதினொரு வருடத்துக்கு முன் இந்த வீட்டைப் பிடிவாதம் பிடித்து வாங்கியதே நான்தான், அதுவும் இந்தக் குளத்துக்காக. என் கணவர் கல்லூரியில் நீச்சல் வீரர். கூடத்தில் அவருடைய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. படிய வாரிய தலை, இரண்டு தோளிலும் துண்டு, கழுத்தில் மெடல், பின்னால் சில பையன்கள், நீலமாக ஒரு குளம். எங்கள் கல்யாணப் பேச்சு எடுத்தபோது அவருடைய அக்கா முதலில் எடுத்து நீட்டியது அந்தப் படத்தைத்தான். தம்பி தண்ணீரில் இறங்கினால் மீன் மாதிரி என்றார். நான் மயங்கித்தான் போனேன், அதை ஒளிப்பானேன். எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. முகம் கழுவுவதற்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிற குடும்பம்.

அந்த மீன் இந்தக் குளத்தில் ஒரு நாளும் இறங்கவில்லை. முதல் வருடம் குளோரின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வருடம் காதுவலி. மூன்றாம் வருடம் பம்ப் கெட்டது. ஆள் கூப்பிடுகிறேன் என்றார், ஆள் வந்த பாடில்லை. பிறகு பாசி பிடித்தது, டைல் கழன்றது, மழைத்தண்ணீரும் சருகும் சேர்ந்து பச்சைக் கூழாகக் கிடந்தது, தவளைகள் குடும்பத்தோடு வந்து தங்கின. வருடத்துக்கு ஒருமுறை நச்சரித்துப் பார்த்தேன். பிறகு எனக்கே அலுத்துவிட்டது.

இந்த வருடம் அவர் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, உள்ளே கம்பி வைத்து, வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தாறு வயதில் நாலு கால் பிராணி ஆகிவிட்டேன் என்று சிரித்தார். பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் சிரிக்கவில்லை.

"தினம் அரை மணி நேரம் தண்ணிக்குள்ள நடக்கணும். தண்ணி உடம்பைத் தாங்கிக்கும், வலி தெரியாது. மூணு மாசம்தான் டைம் மேடம். அதுக்குள்ள நடக்கலைன்னா மூட்டு இறுகிடும், அப்புறம் ஆயுசுக்கும் வாக்கர்தான்."

ஆஸ்பத்திரியில் இதற்கென்றே இருக்கிற குளத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார் என் கணவர். ஊரே முங்கி எழுகிற தண்ணீராம். வீட்டிலேயே குளம் இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் மருந்து போட்டுச் சுத்தம் செய்யாத தண்ணீரில் கால் வைக்கக்கூடாது, புண்ணில் சீழ் வைத்துவிடும் என்று அந்தப் பெண் எச்சரித்திருந்தாள். தையல் ஆறுவதற்கே ஐந்து வாரம் போய்விட்டது. மிச்சம் ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் நான்கை வாளி மாஸ்டர் சாப்பிட்டார்.

சோம்பேறி என்று சொல்லமுடியாது. கூழை இறைத்துக் கொட்டினார். தவளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்மதிலுக்கு அப்பால், தாழ்வாகக் கிடந்த காலிமனையில் விட்டார். சுவரை ஆசிட் விட்டுத் தேய்த்தார். ஒவ்வொரு டைலையும் மரச்சுத்தியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பொத்தென்று சத்தம் வந்ததைப் பெயர்த்து மறுபடி பதித்தார். அவர் போன பிறகு நான் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது, அதனால் சந்தேகம் கூடியது. சிமெண்ட் மூட்டையில் தேதி பார்த்தேன். புது பம்ப்பின் அட்டைப்பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்து நம்பரை ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சரியாக இருக்கிற மனிதரை நான் ரயிலில் பார்த்ததில்லை.

குளத்தை நிரப்பிய அன்று அவர் அந்தப் பழைய வாளியை எடுத்தார். இரண்டாவது படியில், தண்ணீருக்குள், உள்ளே ஒரு கல்லைப் போட்டு உட்காரவைத்தார். குளத்தில் எவ்வளவு உயரமோ வாளிக்குள்ளும் அதே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். காதிலிருந்த பென்சிலை எடுத்து வாளிக்கு உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு போட்டார்.

"வெயில் ரெண்டையும் ஒரே மாதிரிதான் குடிக்கும்மா. ஓட்டைதான் ஓரவஞ்சனை பண்ணும், குளத்துல மட்டும் எடுக்கும். மூணு நாள் சேர்ந்தாப்ல ரெண்டு கோடும் ஒண்ணா இறங்கணும். அப்பதான் மருந்து போட்டு உங்க கையில ஒப்படைப்பேன். அது வரைக்கும் யாரும் கால் வைக்கக்கூடாது."

அதுதான் அவர் வழக்கம், அதனால்தான் அந்தப் பெயராம். முப்பது வருடத்தில் வாளி சொல்லாமல் ஒரு குளத்தையும் ஒப்படைத்ததில்லையாம். என் கணவர் பின்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், இறங்க எவ்வளவு ஆசை என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து பார்த்தேன். வாளிக்குள் தண்ணீர் நூலளவு இறங்கியிருந்தது. குளத்தில் இரண்டு அங்குலம். அதற்கு மறுநாளும் இரண்டு அங்குலம். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். படிக்கட்டின் இடுக்கு, விளக்குக் குழி, குழாய் வாய் எல்லாவற்றிலும் சொட்டு சொட்டாக நீல மையை விட்டு, எங்காவது உள்ளே இழுக்கிறதா என்று குப்புறப் படுத்துப் பார்த்தார். மை விட்ட இடத்திலேயே நின்றது. பம்ப் அறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"பகல்ல மட்டும் ஒழுகுற குளத்தை நான் பார்த்ததே இல்லம்மா" என்றார். அந்த நேரம் அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. பகலில் மட்டும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? சரி, அளந்திருக்கிறார். நானும் அளந்தேன். மாலை ஆறு மணிக்குப் போட்ட கோடு காலை ஆறு மணிக்கு அப்படியே இருந்தது. நான் வேலைக்குப் போய் வருவதற்குள்தான் இரண்டு அங்குலம் காணாமல் போனது. பகலில் வீட்டில் இருப்பது யார்? எழுந்து கழிப்பறை போவதற்கே என் பெயரை ஏலம் போடுகிற என் கணவர். வந்து போவது யார்? வாளி மாஸ்டர். வேலை முடிந்துவிட்டால் இன்னொரு வேலை தேடவேண்டும், முடியாத வேலையோ சோறு போட்டுக்கொண்டே இருக்கும். மடியில் கனம் இல்லாதவர் ஏன் தரையைப் பார்க்கவேண்டும்?

முதலில் அவருடைய வாளியை நீக்கினேன். அதில் என்ன சூட்சுமம் வைத்திருக்கிறாரோ என்று எங்கள் குளியலறை வாளியைக் கொண்டுவந்து வைத்து, என் புருவப் பென்சிலால் கோடு போட்டேன். மாஸ்டர் தன் வாளியைப் பம்ப் அறையில் கவிழ்த்து வைத்தார். எங்கள் வாளியும் அதே கதையைத்தான் சொன்னது.

ஒரு நாள் கொஞ்சம் முன்னதாக வந்து கேட்டைத் திறந்தேன். பின்வாசலில் மாஸ்டரும் என் கணவரும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் இருவரும் ஊமையானார்கள். மாஸ்டர் எழுந்து மறுபடி தரையைப் பார்த்தார். என்ன பேச்சு என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். தவளையைப் பற்றி என்றார் என் கணவர். மனிதரைக் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டான் பாவி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் ஒரு வெகுளி, எவன் எதைச் சொன்னாலும் நம்புவார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் விடுமுறை, மாஸ்டருக்கும் விடுமுறை. காலையிலிருந்து குளத்தங்கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காய் நறுக்கியதும் அங்கேதான். சாயங்காலம் இரண்டு கோடுகளும் ஒன்றாக, நூலளவுதான் இறங்கியிருந்தன. மாஸ்டர் வராத நாளில் குளம் ஒழுகவில்லை. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

மறுநாள் காலை அவர் வந்ததும் கேட்டிலேயே நிறுத்தி, குளத்தை ஒழுகவிடுவது யார் என்று எனக்குத் தெரியும், இனி வரவேண்டாம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வாசலில் வாக்கரோடு நின்ற என் கணவரைப் பார்த்தார். "சாருக்குச் சீக்கிரம் கால் சரியாகணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியைக்கூடக் கேட்காமல் போனார். திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? எதிர்வீட்டு அக்கா மாடித் தொட்டி வேலையை அவரிடம் கொடுப்பதாக இருந்தார். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளுக்கும் சொல்லி வைத்திருந்தார். நான் நேராகப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் தண்டோரா போட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டு வேலையும் அவர் கையைவிட்டுப் போனது.

அன்று வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தேன். தொழில் புத்தி. பழைய டிக்கெட் ஒன்றைக் கிழித்து, பம்ப் அறைக் கதவின் இடுக்கில் செருகினேன். மாஸ்டர் மதிலேறிக் குதித்தாலும் கதவைத் திறந்தால் கீழே விழுந்துவிடும். கேட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அக்காவை ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்படிப்பட்ட வேலைக்கு அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

மாலை வந்து பார்த்தேன். குளம் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. டிக்கெட் துண்டு கதவுக்குக் கீழே கிடந்தது. ஒரு ஈ காக்கை வரவில்லை என்று அக்கா சத்தியம் செய்தார்.

குளத்தங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து என் கணவர் கூப்பிட்டார், கழிப்பறைக்குப் போகணும், வந்து பிடி என்று. போய்ப் பிடித்தேன். என் தோளில் முழு பாரத்தையும் போட்டுக்கொண்டு முனகியபடி ஆறு அடி வைத்தார். போன வாரம் அந்தப் பிசியோதெரபி பெண் அவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறதே, ரகசியமாக ஏதாவது பயிற்சி செய்கிறீர்களா சார் என்று கேட்டாள். இவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்த இருமல் எனக்கு இப்போதுதான் காதில் கேட்டது.

மறுபடி டிக்கெட் துண்டைச் செருகிவிட்டு, மறுநாள் வழக்கம்போலக் கிளம்பினேன். ஸ்டேஷன் வரை போய், அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பதினோரு மணிக்குக் கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். என் வீட்டிலேயே திருடி மாதிரி நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் காலை அங்கிருந்து எடுக்க முடியவில்லை.

பின்கதவு திறந்தது. வாக்கரைத் தட்டித் தட்டி அவர் வெளியே வந்தார். ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு குளத்தைச் சுற்றி, சுவரோரமாக, தண்ணீரிலிருந்து எவ்வளவு விலகமுடியுமோ அவ்வளவு விலகி நடந்தார். யாரும் பிடிக்கவில்லை, முனகலும் இல்லை. நான் எண்ணினேன், நாற்பத்திரண்டு அடி. கதவைத் தள்ளினார். என் டிக்கெட் துண்டு அவர் காலடியில் விழுந்தது, கவனிக்கவில்லை.

நான் போய் வாசலில் நின்றேன். மாஸ்டர் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன வாளியின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். கழிவுக் குழாயின் வால்வு திறந்திருந்தது. மதிலுக்கு அப்பால், காலிமனையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மெல்லக் கேட்டது. நிழல் விழுந்ததும் திரும்பினார். அவர் கண் என் முகத்துக்கு வரவில்லை. என் தோள்பையில் போய் ஒட்டிக்கொண்டது.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து."

வால்வை மூடினேன். வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"அப்ப அந்த மெடல்?"

"எங்க டீம் ஜெயிச்சுது. கரையில துண்டு வச்சிட்டு நின்னவனுக்கும் ஒண்ணு மாட்டிவிட்டாங்க. நான்தான் துண்டு. எங்க அக்கா மீன் கீன்னு அளந்து விட்டாங்க. அப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கணும். நீ என்னைப் பார்த்த பார்வை அப்படி இருந்துது. அதைக் கலைக்க மனசு வரல."

முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மூச்சு நின்றுவிடுகிறது என்றார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். மூன்றரை அடியா முப்பது அடியா என்பதெல்லாம் பயத்துக்குத் தெரியாதாம். தோலும் காதும் பம்ப்பும் பதினொரு வருடமாக அதற்காகத்தான் கெட்டிருக்கின்றன. ஏழு வாரத்தையும் இப்படியே இழுத்தடித்துவிட்டால் மூன்று மாதக் கெடு தாண்டிவிடும், பிறகு யாரும் தண்ணீரில் இறங்கச் சொல்லமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் ஒரு நீச்சல்குளத்தையே மறைக்கப் பார்த்திருக்கிறார்.

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஆயுசுக்கும் வாக்கரோட இருந்தாலும் இருப்பீங்க, சொல்ல மாட்டீங்களா?"

அவர் வாளியைவிட்டு எழ முயன்றார், முடியவில்லை.

"சொன்னா நீ ஃபைன் போடுவ" என்றார்.

எனக்கு வந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஊரில் எல்லோரையும் நான் பிடித்த கதைகளைத் தினமும் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கிறேன். அழுத பெண், கெஞ்சிய கிழவர், யாரையும் விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். கால் போனாலும் பரவாயில்லை, இவளிடம் மட்டும் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று ஒருவர் என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அவர் வாக்கரை நகர்த்தி வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார்.

அழுது முடித்த பிறகுதான் மாஸ்டர் ஞாபகம் வந்தது.

அவர் கடை, குழாயும் பெயின்டும் விற்கிற கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு மேஜை, சுவரில் வரிசையாக வாளிகள். வேலை இல்லாமல் உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. தப்பு என்மேல் என்றேன், அவருடைய வாளியை நீட்டினேன். அவருக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டாவது நாளே தெரியும்மா. பம்ப் ரூம் தரையில ஈரத்துல ரவுண்டு ரவுண்டா நாலு தடம். வாக்கரோட ரப்பர்."

அதனால்தான் தரையைப் பார்த்தாரா என்று எனக்கு உறைத்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் உங்க மேல பழி போட்டப்பகூட நின்னுட்டு இருந்தீங்களே?"

"சார்கிட்ட சொன்னேன், நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்கன்னு. கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு. பயந்தவரைக் காட்டிக் குடுத்துட்டு, அப்புறம் அவர் வீட்ல எப்படிம்மா ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கிறது?"

மூன்று வீட்டு வேலை போனதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்க வேண்டியிருந்தது. அவர் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எதிர்வீட்டு அக்காவிடம் உண்மையைச் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்னால் என் கணவர் குட்டு தெரு முழுக்க உடையும். இனி அவர் வாக்கரோடு வெளியே போனால் சின்னக் குழந்தைகூட மீன் வருது பார் என்று சொல்லும். சந்திலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன். வரும் வழியெல்லாம் யாரைக் காட்டிக்கொடுப்பது என்று யோசித்தேன். தெரு முனையில்தான் இன்னொரு ஆள் இருப்பது ஞாபகம் வந்தது.

அக்காவின் வாசலில் நின்று, அந்த வால்வைத் திறந்து விட்டது நான்தான் என்றேன். தினமும் காலையில் தரை கழுவத் திறப்பேன், சரியாக மூடாமல் போய்விடுவேன், இன்றுதான் கண்டுபிடித்தேன், மாஸ்டர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். என் வாழ்க்கையில் நான் டிக்கெட் இல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊரையே பிடிக்கிற நீயா வால்வை மூட மறந்த?"

ஆமாம் என்றேன். அக்காவுக்கு அன்று கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நாளில் தெருவெல்லாம் என்னைப் பார்த்து, என்ன, வால்வை மூடியாச்சா என்று கேட்டது. இன்னும் கேட்கிறது. மாஸ்டருக்கு மூன்று வீட்டு வேலையும் திரும்பக் கிடைத்தது. நான் சொன்ன கதை பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மூன்று நாள் இரண்டு கோடுகளும் அண்ணன் தம்பியாக ஒன்றாக இறங்கின. மாஸ்டர் மருந்து போட்டு, பென்சிலைக் காதில் செருகி, குளத்தை ஒப்படைத்தார். மூன்று மாதக் கெடுவுக்குப் பதினேழு நாள் பாக்கி இருந்தது.

நான்தான் முதலில் இறங்கினேன். பழைய சுடிதாரோடு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், எனக்கு ஆழம் தெரிந்தும் கால் வரவில்லை. தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அவர் கரையில் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது, வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அது பொய்யில்லை. முதல் படிக்கு வர அவருக்கு இருபது நிமிடம் ஆனது. இரண்டாவது படியில் அவர் பல் கிட்டித்துக்கொண்டது. கீழே இறங்கி நின்றபோது அவர் விரல்கள் என் கையில் பதிந்த தடம் மறுநாள்வரை சிவந்திருந்தது. அன்று நான்கு அடிதான் நடந்தோம்.

இப்போது கைப்பிடியை விட்டுவிட்டு ஆழமில்லாத பக்கத்தில் குறுக்காக நடக்கிறார். வாக்கர் பரணுக்குப் போய்விட்டது. ஒரு கைத்தடி மட்டும் மிச்சம். வால்வுக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியை என் தோள்பையில்தான் வைத்திருக்கிறேன். அன்பு வேறு, பாதுகாப்பு வேறு. அவர் நடக்கிற அரை மணி நேரமும் நான் கரையில் நிற்கிறேன், அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என இரண்டு தோளிலும் துண்டோடு.

நேற்று ஏறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, கூடத்திலிருக்கிற படத்தைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் உள்ளே போன பிறகு அதன் முன்னால் நின்று பார்த்தேன். இருபத்தெட்டு வருடமாக வாரம் தவறாமல் தூசி தட்டுகிற படம். பின்னால் நிற்கிற பையன்கள் எல்லோருக்கும் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இவருடைய தலை மட்டும் படிய வாரி, காய்ந்து கிடக்கிறது. தோளில் இரண்டு துண்டு. அவர் எதையும் மறைக்கவில்லை, டிக்கெட்டை நீட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறார். வாங்கிப் பார்க்காதது நான்தான்.